கோந்து சார் பார்த்த ஏரிகள்

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் குடியிருக்கும் ஜனங்களில் பாதிப் பேரின் தலையைத் தொட்டுப் பார்த்த ஒரே மனிதர் கோந்து சார்தான். சலூன்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சலூன்காரர்களோடு அவருக்குத் தீராத சண்டை. தலையின் நடுப்புள்ளி எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு.

கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இயங்கிய நரம்பு சிகிச்சை கிளினிக்கில் நான் நான்கு வருடம் வேலை பார்த்தேன். போனை எடுப்பது, நேரம் குறிப்பது, டாக்டரம்மா சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் செய்வது, மிச்ச நேரத்தில் கொட்டாவி விடுவது என் பொறுப்பு. உள்ளறையில் இருந்த இ.இ.ஜி. மெஷின் கோந்து சாரின் பொறுப்பு. மூளையில் ஓடும் மின்சார அலைகளைக் கோடு கோடாகக் காட்டும் மெஷின் அது. அதற்காக இருபத்தியொரு குட்டி உலோகக் கிண்ணங்களை ஒருவித வெள்ளைப் பசையால் தலையில் ஒட்டுவார்கள். அந்தப் பசையால் வந்த பெயர்தான் கோந்து. வைத்தது யார் என்று தேடினால் அவரேதான்.

"டாக்டர், என் பையனுக்கு எப்படி இருக்கு?" என்று யாராவது பதறினால், "டாக்டரு அந்த ரூம்ல கீறாங்க. நான் வெறும் கோந்து" என்பார்.

எனக்கு அவர் மூளை விஞ்ஞானம் கற்பித்தது ஒரே மூச்சில் முடிந்தது. "கண்ண மூடிகினு அக்கடான்னு கெடந்தா பின்மண்டைல ஏரி கணக்கா அலை வரும்மா. ஒரே சீரா, செகண்டுக்கு ஒம்போது, பத்து. கண்ணத் தொறந்தா, இல்ல ஒரு கணக்கப் போட்டா, ஏரி காணாம பூடும். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு ஆயிடும். அவ்ளோதான்."

டாக்டரம்மாவுக்குப் பதிவில் ஏரியும் வேண்டும், பஸ் ஸ்டாண்டும் வேண்டும். பஸ் ஸ்டாண்டு சுலபம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் போதும், வந்துவிடும். ஏரிதான் வம்பு. "சும்மா இரு"ன்னு சொன்னா நம்ம ஜனம் அதைத் திட்டுன்னு நெனச்சுக்குது என்று கோந்து சார் அலுத்துக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே என்னையும் படுக்க வைத்து இருபத்தியொரு கிண்ணத்தையும் ஒட்டிவிட்டார். கிளினிக்கில் சேருகிறவர்களுக்கு அது ஒரு சடங்கு. கண்ணை மூடிக்கொண்டு கால்மணி நேரம் கிடந்தேன். ஏரி வரவில்லை.

"உள்ளாற யாரையோ திட்டிகினு கீறே" என்றார்.

"ஆமா சார். உங்களைத்தான்."

"அப்ப மிசின் கரீட்டாத்தான் கீது" என்று பதிவை மூடினார்.

மனிதர்களை அவருக்குப் பெயரால் தெரியாது, முகத்தாலும் தெரியாது. டேப்பால் அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து வைத்து, பின்னந்தலைதான் அவருக்கு ஆதார் அட்டை. பாரிவாக்கத்தில் அவருக்கு வீடு. தினமும் பஸ்ஸில் வரும்போது முன்சீட்டுத் தலைகளைப் பார்த்து மனசுக்குள் அளந்துகொண்டே வருவார். ஒருநாள் அப்படி ஒரு தலையைத் தட்டி, "அம்பத்தேழரைதானே? ரெட்டைச் சுழி?" என்று கேட்டிருக்கிறார். திரும்பிய ஆள் போலீஸ்காரர். அதிர்ஷ்டவசமாக, போன வருடம் தன் தலைவலிக்காகக் கிளினிக்குக்கு வந்துபோன போலீஸ்காரர்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் வாங்கி வருவோம். ஒரு வருடம் உடைப்பதற்கு முன்னால் அந்தப் பூசணிக்காய்க்கும் முறைப்படி கோந்து தடவிக் கிண்ணம் ஒட்டிவிட்டார். திரையில் அலை ஓடியது. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"பயந்துக்காத. ஃபேன் கரண்டு இதுல கலக்குது. இத மூளன்னு எழுதிட்டோம்னா நம்ம பொயப்பு நாறிடும், அதுக்குத்தான் காமிக்கிறேன்" என்றார். பிறகு கிண்ணங்களைத் துடைத்து எடுத்துவிட்டு, அந்தக் காயை உடைக்க மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் டிபன் பாக்ஸில் கூட்டு இருந்தது.

அவருடைய நிஜமான திறமை, அவரவருக்கு ஏற்ற கணக்கைக் கண்டுபிடிப்பது. பூந்தமல்லியிலிருந்து ஒரு அரிசி மண்டிக்காரர் வந்தார். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார் கோந்து சார். மனிதர் கடகடவென்று சொல்லி முடித்தார். ஏரியில் ஒரு சலனமில்லை. பதினேழைப் பதினெட்டால் பெருக்கச் சொன்னார். விடை வந்தது, ஏரி அப்படியே கிடந்தது. மண்டிக்காரருக்குக் கணக்குதான் ஓய்வு. கோந்து சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க சம்சாரத்துக்குப் பொறந்த நாளு என்னிக்கு?" என்று கேட்டார். அடுத்த நிமிடம் திரை முழுக்கப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு. மெட்ரோ தூண் வேலையோடு சேர்த்து.

பெண்களுக்கு நேர்மாறு. நடுவயதுப் பெண்கள் வந்தால் கண்ணை மூடியும் ஏரி வராது. அதற்கு அவர் ஒரு மருந்து வைத்திருந்தார். வெளியே உட்கார்ந்திருக்கும் கணவரை உள்ளே கூப்பிடுவார்.

"அண்ணாத்தே, நான் சொல்றத அப்டியே சொல்லு. 'இன்னிக்கு ராத்திரிக்குக் கடைல வாங்கிக்கலாம்.'"

"எதை வாங்கணும்?"

"பரோட்டா, இட்லி, எத்தையோ. சொல்லுய்யா."

கணவர் ஒன்றும் புரியாமல் சொல்வார். திரையில் மெல்ல ஏரி விரியும். "நெசமா வாங்கிக் குடுத்துடு. பொய் சொன்னா அடுத்த தபா வராது" என்று அனுப்பிவைப்பார். டாக்டரம்மா இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்றார். ஆனால் தடுக்கவும் இல்லை.

இத்தனை வேடிக்கை செய்கிற ஆளின் முகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. அது சுபாவமல்ல, பழக்கிக்கொண்டது. பதிவு எடுக்கிறவர் முடிவைச் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்லவேண்டும் என்பது விதி. வந்தவர்கள் விடுவார்களா? அவர் முகத்தையே படிப்பார்கள். வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் மின்விசிறி நின்றதற்காகப் புருவத்தைத் தூக்கியிருக்கிறார். அதைப் பார்த்த ஒரு அம்மா, பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று அங்கேயே மயங்கி விழுந்தாராம். அன்றோடு புருவத்துக்கு ஓய்வு கொடுத்தார். தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதையும், தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்ததையும் ஒரே முகத்தோடுதான் எங்களிடம் சொன்னார்.

பதிவு முடிந்ததும், "எப்படி இருக்கு?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில். "ஷாம்பு போட்டு நல்லா கழுவுங்க. கோந்து பூடும்."

இப்படிப்பட்டவரிடம்தான் கிரேன் அண்ணாச்சி வந்து சேர்ந்தார்.

ஆவடிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கூரைக்குக் கீழே ஓடும் பெரிய கிரேனை ஓட்டுகிறவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், குவார்ட்டர்ஸில் குடும்பம். கோடையில் ஒருநாள் மேலே உட்கார்ந்திருந்தபோது தலைசுற்றி ஒரு நிமிடம் நினைவு தப்பிவிட்டது. நல்லவேளை, கொக்கியில் பாரம் இல்லை. உடனே கீழே இறக்கிவிட்டார்கள். மூளையில் கோளாறு இல்லை என்று இ.இ.ஜி. பார்த்து எழுதிக்கொடுத்தால் மேலே ஏறலாம், இல்லாவிட்டால் வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு நிரந்தரமாக மாற்றிவிடுவார்கள். அதை முடிவு செய்யும் தொழிற்சாலை மருத்துவக் குழு கூடுவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"இருவத்திரெண்டு வருசமா மேலேயே இருந்துட்டேம்மா. கீழ நிக்கதுக்கு எனக்குத் தெரியல" என்றார் என்னிடம். பெரிய மீசை வைத்த மனிதர் அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

அவர் மனைவிக்கும் அதே அவசரம், காரணம்தான் வேறு. "வீட்டுல நிம்மதி இல்ல தாயி. நான் குக்கரை அடுப்புலேர்ந்து இறக்குனா முன்னாடி வந்து நின்னு கையக் காட்டுதாரு. மெல்ல, மெல்ல, இடது பக்கம், நிறுத்துன்னு. சீக்கிரம் இவரை மேல ஏத்திவிடுங்க."

முதல் தடவை கெட்டது என்னால்தான். "தலைக்குக் குளிச்சிட்டு வாங்க" என்று போனில் சொல்லியிருந்தேன். குறித்த நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை தலைக்குக் குளிப்பதென்றால் எப்படி என்று அந்த அம்மாவுக்குத் தெரியாதா? உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, பேருக்குச் சீயக்காய் போட்டு, பளபளவென்று அழைத்துவந்தார். ஒட்டிய கிண்ணங்கள் ஒவ்வொன்றாக வழுக்கி வந்தன. "அண்ணாத்தே, உங்க மூள காதாண்ட எறங்கிடுச்சு" என்றார் கோந்து சார், முகத்தில் ஒன்றும் இல்லாமல். அந்த அம்மா அழ ஆரம்பித்தார். அன்றிலிருந்து போனில், "எண்ணெயே கூடாது, வெறும் ஷாம்பு" என்று இரண்டு முறை சொல்ல ஆரம்பித்தேன்.

இரண்டாவது தடவை தலை சுத்தம். கிண்ணங்கள் கச்சிதமாக ஒட்டின. அண்ணாச்சி கண்ணை மூடினார். திரையில் மூளை தெரியவில்லை, வெறும் முள்காடு தெரிந்தது. மனிதர் தாடையைக் கடித்துக்கொண்டு கிடந்தால் அந்தத் தசையின் மின்சாரம் எல்லாக் கோட்டையும் மூடிவிடும். கீழே கொரட்டூரில் ரயில் ஹார்ன் அடித்தபோதெல்லாம் திரை கறுத்தது. பரோட்டா மருந்து பலிக்கவில்லை. மனைவி பக்கத்தில் வந்து, "நான் இனிமே குக்கரே வைக்க மாட்டேன்" என்று சொல்லியும் பார்த்தார். முக்கால் மணி நேரமும் முள்காடுதான்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதை வெச்சு நல்லா இருக்குன்னும் எழுத முடியாது, இல்லைன்னும் எழுத முடியாது. இன்னொரு தடவை எடுங்க. அதுவும் இப்படியே வந்தா, தெளிவில்லைன்னுதான் எழுதிக்கொடுக்கணும்."

தெளிவில்லை என்றால் டோக்கன்தான். அண்ணாச்சிக்கு அது புரிந்தது. குழு கூடுவதற்கு இன்னும் எட்டு நாள்.

அன்றைக்குக் கோந்து சார் செய்தது எனக்கு ஆச்சரியம். நோயாளிகளோடு அவர் வாசலைத் தாண்டிப் பேசி நான் பார்த்ததே இல்லை. அண்ணாச்சியைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப்போனார். எனக்கும் ஒரு டீ குடிக்கும் ஆசை இருந்ததால் பின்னாலேயே போனேன்.

"மேல குந்திகினு இன்னா பண்ணுவ நைனா?"

"என்ன பண்ணுவேன்... கீழ ஆளுக நிப்பாங்க. அவங்க தலைக்கு மேல டன் டன்னா இரும்பு தொங்கும். கண்ண எடுக்க முடியாது. ஒருத்தன் விசிலடிப்பான், கையக் காட்டுவான், அதுபடி போவணும். இருமல் வந்தாக்கூட அடக்கிக்கிடுவேன்."

"ஒண்ணுக்கு வந்தா?"

"கீழ எறங்கி ஏற அரமணிநேரம் ஆகும் அண்ணாச்சி. அதனால தண்ணியே குடிக்க மாட்டேன்."

கோந்து சார் டீயைக் கீழே வைத்தார். "கோடைலயுமா?"

"கோடைலயுந்தான்."

"இத டாக்டராண்ட சொன்னியா?"

"அவங்க கேக்கலியே."

"சொல்லு. மொத வேலையா சொல்லு." பிறகு கொஞ்ச நேரம் அந்த ஆளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செரி. எப்பதான் அக்கடான்னு சாஞ்சு குந்துவ?"

அண்ணாச்சி யோசித்தார். "பாரத்த எறக்கி வச்சு, கீழ உள்ளவன் கயித்தக் கழட்டிட்டு, 'கொக்கி காலி'ன்னு ஒரு சத்தம் குடுப்பான். அதக் கேட்டப்புறந்தான் கைய எடுப்பேன். அதுவரைக்கும் யாரு சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

"நின்னு போச்சா அந்தச் சத்தம்? கீழ எறக்கனப்புறம்?"

"வாசல்ல ஏது கொக்கி?"

மூன்று டீக்கும் கோந்து சாரே காசு கொடுத்தார். நான்கு வருடத்தில் அது ஒரே தடவை.

புதன்கிழமை மூன்றாவது பதிவு. நான் கதவருகில் நின்று எட்டிப் பார்த்தேன். கிண்ணங்கள் ஒட்டியாயிற்று, கண்ணை மூடியாயிற்று. மறுபடியும் முள்காடு. பத்து நிமிடம் பொறுத்தார் கோந்து சார். பிறகு எழுந்து, கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அந்தச் சின்ன அறையே அதிரும்படி கத்தினார்.

"கொக்கி காலி!"

அண்ணாச்சி நீளமாக ஒரு மூச்சு விட்டார். கடித்திருந்த தாடை தொங்கியது. போர்வையை இறுகப் பிடித்திருந்த விரல்கள் விரிந்தன. முள்காடு அப்படியே விலகி, பின்னாலிருந்து ஏரி வந்தது. நான் பார்த்ததிலேயே பெரிய ஏரி அதுதான். ரயில் ஹார்ன் அடித்தது. அதற்கு ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சொன்னபோது நூறிலிருந்து ஏழையும் கழித்தார், பஸ் ஸ்டாண்டும் ஒழுங்காக வந்து போனது. கடைசியில் குறட்டையும் விட்டார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா ஓடிவந்தார். "யாரு இங்க கத்தினது?"

"நாந்தான் மேடம். லோடு எறக்கினேன்."

ரிப்போர்ட்டை நான்தான் டைப் செய்தேன். பதிவு இயல்பானது, தண்ணீர் குடிக்காமல் வெப்பத்தில் இருந்ததால் மயக்கம் வந்திருக்கலாம் என்றது. ஆனாலும் முடிவு குழுவின் கையில். அண்ணாச்சி தலையெல்லாம் வெள்ளைப் பசையோடு எழுந்து, "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஷாம்பு போட்டு நல்லா கழுவுங்க. கோந்து பூடும்" என்றார் கோந்து சார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. மறுநாளிலிருந்து கோந்து சார் தினமும் இரண்டு முறை என் மேஜைக்கு வந்தார்.

"போன் எதுனா வந்துச்சாம்மா?"

"நிறைய வந்துச்சு சார். யார்கிட்டேருந்து?"

"யாரும் இல்ல. போன் வேல செய்யுதான்னு கேட்டேன்."

குழு கூடிய வெள்ளிக்கிழமை நான்கு முறை வந்து போன் வேலை செய்கிறதா என்று கேட்டார். வேலை செய்தது. வரவேண்டிய போன் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. எனக்கே ரோஷம் வந்து, நானாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்றேன். "வேணாம். நல்ல சேதின்னா அவனே சொல்லுவான்" என்றார். முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாரம் ஒரு பாட்டியம்மாவின் தலையை இரண்டு சென்டிமீட்டர் தப்பாக அளந்தார்.

அந்தச் சமயத்தில் புது மெஷின் வந்து இறங்கியது. பொருத்த வந்த இன்ஜினியருக்குச் சோதனை செய்ய ஒரு தலை தேவைப்பட்டது. அன்று எனக்குத் தலையில் எண்ணெய். டாக்டரம்மாவுக்கு வேலை. கோந்து சாரே படுத்தார். பதினெட்டு வருடமாக ஊரையே படுக்கவைத்தவர் அந்தக் கட்டிலில் படுத்தது அதுதான் முதல் முறை. நான் டேப்பைச் சுற்றி, "ஐம்பத்தாறு" என்றேன்.

"அம்பத்தஞ்சரை. டேப்ப இஸ்து புடி."

கண்ணை மூடினார். ஏரி வரவில்லை. இன்ஜினியர் ஒயரை மாற்றினார், வரவில்லை. நான், "ராத்திரிக்குப் பரோட்டா வாங்கிக்கலாம் சார்" என்றேன். "எனக்கு மைதா ஆவாது" என்றார். டாக்டரம்மாவே வந்து, "கொக்கி காலி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். திரையில் சுருக்கென்று ஏதோ குத்தியதே தவிர, ஏரி இல்லை. இன்ஜினியர் மெஷினைத் திருப்பி அனுப்பவேண்டியிருக்குமோ என்று முகம் வாடினார்.

அப்போது வெளியே போன் அடித்தது. போய் எடுத்தேன்.

"தாயி, நான் கிரேன்காரன் பேசுதேன். குழு முடிஞ்சும் ஆர்டர் கைக்கு வர இவ்வளவு நாளாகிப்போச்சு. காலைல ஏறிட்டேன். இப்ப சாப்பாட்டு நேரம், கீழ எறங்கிப் பேசுதேன். ரெண்டு பாட்டில் தண்ணி கொண்டுபோனேன்னு டாக்டரம்மாட்ட சொல்லுங்க. கோந்து அண்ணாச்சி இருக்காவளா?"

"இருக்கார். தலையில ஒட்டியிருக்கு. சொல்லிடறேன்."

உள்ளே போய்க் குனிந்து, அவர் காதருகில் சொன்னேன். "சார், கிரேன் அண்ணாச்சி இன்னிக்கு மேல ஏறிட்டாராம்."

"செரி" என்றார்.

கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் ஒரு தசை அசையவில்லை. திரையில் மட்டும் எல்லாக் கோடும் ஒருசேரத் துள்ளி விழுந்து, அடங்கி, பின்மண்டைப் பக்கமிருந்து சீராக, நிதானமாக, ஏரி வர ஆரம்பித்தது. "சூப்பர், மெஷின் ஓகே" என்று இன்ஜினியர் எழுந்தார். டாக்டரம்மா அவர் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். "கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார்.

இருபது நிமிடம் ஓடியது. நானே கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கோந்து சார் எழுந்து உட்கார்ந்து, தலையைத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார்.

"இன்னாமா தெரிஞ்சுது?"

"ஷாம்பு போட்டு நல்லா கழுவுங்க சார். கோந்து போயிடும்."

சோதனைப் பதிவை அழித்துவிடலாமா என்று இன்ஜினியர் கேட்டார். அதற்கு முன்னால் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். அந்த வேலையை விட்டு வந்து வருடங்களாயிற்று. காகிதம் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மனசு சரியில்லாத நாட்களில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த ஏரியைப் பார்ப்பேன்.